வாசகர் கேள்வி–பதில்: அயல்நாட்டு மழலையர் வகுப்பில் மொழி உதவி ஆசிரியர்

கேள்வி: பட்டப்படிப்பை முடித்திருக்கிறேன்; ஆசிரியர் பயிற்சி பெறவில்லை. அயல்நாட்டுத் தொடக்கப்பள்ளியில் ஆங்கில உதவி ஆசிரியராகச் சேர்ந்தால் வகுப்பைத் தனியாக நடத்தச் சொல்வார்களா?

பதில்: முறையாக நடைபெறும் திட்டங்களில் வகுப்பின் பொறுப்பு அந்நாட்டு ஆசிரியருடையது, நீங்கள் அவருக்குத் துணை. ஜப்பானியப் பள்ளிகளில் மொழி கற்பிக்க உதவ அயல்நாட்டவரை அழைக்கும், 1987 முதல் நடைபெற்றுவரும் ஜெட் திட்டம் பட்டம் பெற்றவர்களை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்துக்கொள்கிறது. ஒப்பந்தத்தை நீட்டித்து அதிகபட்சம் 5 ஆண்டுகள் வரை பணியாற்றலாம். ஆசிரியர் பயிற்சி அங்கே கட்டாயமில்லை. பிரான்சின் தொடக்கப்பள்ளிகளில் மொழி உதவியாளருக்கு வாரம் 12 மணி நேர வேலை, அதுவும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான 7 மாதங்களுக்கு மட்டுமே என்பதால், பெருநகரில் வாடகை கொடுத்து மிச்சம் பிடிக்கலாம் என்ற கணக்கோடு போகாதீர்கள்.

ஆனால் ஏட்டில் இருப்பது வேறு, வகுப்பில் நடப்பது வேறு. ஜப்பானியத் தொடக்கப்பள்ளிகளில் 2020 முதல் 3, 4-ஆம் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 35 ஆங்கிலப் பாடவேளைகளும், 5, 6-ஆம் வகுப்புகளுக்கு 70 பாடவேளைகளும் உண்டு. எல்லாப் பாடங்களையும் தாமே நடத்தும் வகுப்பாசிரியருக்கு ஆங்கிலத்தில் தயக்கம் இருந்தால், துணைக்கு நின்ற உங்கள் தோளில் பாடம் முழுவதும் வந்து சேரும். பாடத்தைத் திட்டமிடுபவர் யார், நடத்துபவர் யார் என்பதை முதல் வாரத்திலேயே அவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் ஒரு மழலையர் வகுப்பில் சேர்ந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. பெரும்பாலான பிள்ளைகள் இன்னும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. நான் எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: தவறு எதுவும் இல்லை, அம்மா. புதுமொழியைக் கேட்கத் தொடங்கிய குழந்தை பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் பருவத்தை மொழியியலாளர் மௌனக் காலம் என்கிறார்கள். சில குழந்தைகளுக்கு அது சில வாரங்களில் முடியும். சிலருக்குப் பல மாதங்கள் நீளும். "சிவப்புப் பென்சிலை எடுத்துவா" என்று நீங்கள் புதுமொழியில் சொல்ல, வாயே திறக்காத குழந்தை எழுந்து போய் அதை எடுத்துவந்தால், அது உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டது என்றே கொள்ள வேண்டும். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் இதையே கற்பித்தல் முறையாக வகுத்தார்: ஆசிரியர் சொல்வதை மாணவர் உடலசைவால் செய்து காட்டுவார், பேச்சு தானாக வரும்வரை அதைக் கேட்டு வாங்குவதில்லை.

ஆகவே "சொல், சொல்" என்று எழுப்பி நிறுத்தாதீர்கள். படத்தைக் காட்டிப் பூனையா நாயா என்று கேளுங்கள். விரலால் சுட்டினால் போதும். ஒரே அபிநயப் பாடலை மூன்று வாரம் பாடுவது உங்களுக்குச் சலிக்கும், பிள்ளைகளுக்குச் சலிக்காது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதுதான் அவர்களுக்குத் துணிவைத் தருகிறது. கதையையும் அப்படியே திரும்பத் திரும்பச் சொல்லி, அவர்களுக்கு மனப்பாடமான இடத்தில் நீங்கள் சற்று நிறுத்திப் பாருங்கள். குழந்தை தவறாகச் சொன்னால் திருத்த வேண்டாம். அதே வாக்கியத்தைச் சரியான வடிவில் உங்கள் பேச்சாகவே திருப்பிச் சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள். நான் இப்பணியில் இருந்தபோது, மூன்று மாதம் பேசாதிருந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, என் கையில் இருந்த முயல் பொம்மையின் காதருகே வந்து, முதல் வாரத்தில் கற்பித்த வணக்கத்தை மெல்லச் சொன்னாள். என்னிடம் பேச அவளுக்கு இன்னும் ஒரு மாதம் ஆயிற்று.

கேள்வி: காணொளிகளில் தாய்மொழியாளரின் உச்சரிப்பே கிடைக்கும்போது, அம்மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாத என்னால் என்ன பயன்?

பதில்: அமெரிக்க ஆய்வாளர் பட்ரீசியா கூலும் அவருடைய குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு ஆறுதல் தரும். ஆங்கிலம் பேசும் குடும்பங்களின் ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீனமொழி பேசுபவர்கள் 12 அமர்வுகளில் நேரில் விளையாடிப் பேசியபோது, அம்மொழியின் ஒலி வேறுபாட்டைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டன. அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகளிடம் அந்தக் கற்றல் நிகழவில்லை. அவை பள்ளி வயதுக் குழந்தைகள் அல்ல என்பது உண்மையே. என்றாலும், தன் கண்ணைப் பார்த்துத் தனக்காகப் பேசும் ஒருவர் எதிரே இருப்பதன் மதிப்பை அது காட்டுகிறது. பிறர் உச்சரிப்பை ஒப்பிக்க முயலாமல், சிறு வாக்கியங்களாகத் தெளிவாகவும் இயல்பான வேகத்திலும் பேசுங்கள். சொற்களைத் துண்டு துண்டாக உடைத்து மட்டும் பேசாதீர்கள்.

கேள்வி: அந்நாட்டு மொழியை நான் கற்க வேண்டுமா?

பதில்: பாடம் நடத்த அது தேவையில்லை, ஆனால் பிள்ளைகளுக்காகத் தேவை. வயிறு வலிக்கிறது, கழிப்பறை போக வேண்டும், அம்மா வேண்டும், அவன் அடித்துவிட்டான் என்று அவர்கள் சொல்லக்கூடியவற்றைப் புறப்படும் முன்பே கற்றுக்கொள்ளுங்கள். அழும் குழந்தைக்குப் புதுமொழியில் விடை சொல்வது கல்வி ஆகாது.

கேள்வி: வகுப்பாசிரியர் அடிக்கடி வெளியே போய்விடுகிறார். பிள்ளைகள் மடியில் வந்து உட்காருகிறார்கள். கழிப்பறைக்கும் என்னையே அழைக்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: இதை நாகரிகம் கருதி மறைத்து வைக்காதீர்கள். நீங்கள் தனியே இருக்கும்போது ஒரு குழந்தை கீழே விழுந்தால் யார் பொறுப்பு என்பது நாட்டுக்கு நாடு மாறும். பள்ளியின் குழந்தைப் பாதுகாப்பு விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொடுதல், உடை மாற்ற உதவுதல், கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுதல், புகைப்படம் எடுத்தல் ஆகிய நான்கிலும் அவ்விதி என்ன சொல்கிறதோ அதுவே உங்கள் எல்லை. பிள்ளைகளின் படத்தை உங்கள் சொந்தச் சமூக ஊடகப் பக்கத்தில் எந்நிலையிலும் இடாதீர்கள்.

கேள்வி: சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், பிறகு மாற்றித் தருகிறோம் என்கிறார் முகவர். நம்பலாமா?

பதில்: வேண்டாம். வேலை செய்ய அனுமதி தராத விசாவில் பணியாற்றினால் நாடு கடத்தப்பட நேரலாம். சம்பளம் தராவிட்டாலும் முறையிட அஞ்சிக்கொண்டிருப்பீர்கள். வேலைக்குரிய விசாவும், உங்களுக்குப் புரியும் மொழியில் ஒப்பந்தமும் கைக்கு வந்தபின் புறப்படுங்கள். பாடவேளை எத்தனை, பள்ளியில் இருக்க வேண்டிய நேரம் எத்தனை என்பது அதில் தனித்தனியே இருக்கட்டும். விடுமுறை மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, பயணச் செலவு ஆகியவையும் இருக்கட்டும். குழந்தைகளோடு பணியாற்றுவோரிடம் காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்பது வழக்கம். கேட்காமலே அழைக்கும் இடத்தை நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன். அயல்நாட்டு ஆவணங்களை ஏற்பது பற்றிய 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இரு நாடுகளும் இருந்தால், சான்றிதழ்களுக்கு உங்கள் நாட்டு அரசின் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று உறுதிசெய்யும் முத்திரை) பொதுவாகப் போதும். இல்லையெனில் தூதரகச் சான்றொப்பம் வேண்டியிருக்கும். கடவுச்சீட்டை யாரிடமும் ஒப்படைத்து வைக்காதீர்கள்.

கேள்வி: ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. என்னோடு ஒட்டிக்கொண்ட பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வேன்?

பதில்: வகுப்பாசிரியரிடம் கலந்து பேசி, இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். நாள்காட்டியில் கடைசி நாளைச் சேர்ந்து குறித்து, ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வாருங்கள். திரும்பி வருவேன் என்ற வாக்கை, வர முடியாதென்று தெரிந்தால், கொடுக்காதீர்கள். பிள்ளைகள் அறிந்த பாடல்கள், விளையாட்டுகள், கதைகள், இன்னும் பேசத் தொடங்காத குழந்தைகளுக்கு எது பிடிக்கும் என்ற குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, அடுத்து வரும் உதவி ஆசிரியருக்காக வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.