பயாப்சி எடுத்தால் தோல் புற்றுநோய் பரவிவிடுமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. மூக்கின் ஓரத்தில் மிளகளவு பரு ஒன்று எட்டு மாதமாக இருக்கிறது. ஆறுவதுபோல் இருந்து மறுபடி ரத்தம் கசிகிறது. பேசல் செல் என்ற வகைத் தோல் புற்றுநோயாக இருக்கலாம், பயாப்சி எடுங்கள், அதாவது கொஞ்சம் சதை எடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்கிறார் டாக்டர். கத்தி பட்டால் பரவிவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: தயங்காமல் பயாப்சிக்குச் சம்மதியுங்கள். கத்தி பட்டு இது பரவாது. மேல்தோலின் அடிவரிசைச் செல்களில் தொடங்கும் புற்றுநோய் இது. பல வருட வெயிலில் அந்தச் செல்களின் மரபணு கெடுவதுதான் முக்கியக் காரணம். அதனால்தான் மூக்கு, இமை, காது என்று முகத்திலேயே அதிகம் வருகிறது. நுரையீரலுக்கோ எலும்புக்கோ தாவுவது மிக மிக அபூர்வம். ஆனால் விட்டுவைத்தால் இருக்கும் இடத்தை அரித்துக்கொண்டே போகும். மூக்கில் குருத்தெலும்பு வரைக்கும் இறங்கிவிடும்.

நல்ல வெளிச்சத்தில், பருவின் இருபுறமும் தோலை மெல்ல இழுத்துப் பாருங்கள். ஓரம் சற்று உருண்டு முத்துபோல மினுங்கலாம், மேலே மயிரிழை போல ரத்தக் குழாய்கள் தெரியலாம். கறுத்த தோலில் பெரும்பாலும் கரும்பழுப்பாக இருப்பதால் மச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். முகம் துடைக்கும்போது பொருக்கு துண்டோடு வந்துவிடும், ரத்தம் கசியும், அப்புறம் காய்ந்துவிடும். 'சரி, ஆறிவிட்டது' என்று நினைத்தே மாதங்கள் ஓடிவிடுகின்றன. எனக்கு வருத்தமே இதில்தான்.

பயாப்சி என்றால், மரத்துப்போக ஊசி போட்டு சில மில்லிமீட்டர் சதை எடுப்பார்கள். அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்பே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

புற்றுநோய்தான் என்று உறுதியானால் வெட்டி எடுப்பதே நல்ல வழி. சிறிய கட்டி என்றால் வழக்கமாகச் சுற்றிலும் 4 மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுப்போம். மூக்கில் அவ்வளவு தோல் ஏது? அதனால் மோஸ் அறுவை சிகிச்சை செய்ய முடியுமா என்று கேளுங்கள். ஒவ்வொரு அடுக்காக எடுத்து, அங்கேயே நுண்ணோக்கியில் பார்த்து, ஓரம் சுத்தமாகும்வரை தொடர்வார்கள். நல்ல தோல் வீணாகாது, திரும்ப வருவதும் குறைவு. அறுவை தாங்காதவர்களுக்குக் கதிர்வீச்சு உண்டு.

அதுவரை யார் சொன்னாலும் பருவை எரிக்கும் களிம்பு எதையும் தடவாதீர்கள். மேலே தோல் மூடிக்கொள்ளும். அடியில் அது வளர்ந்துகொண்டே இருக்கும்.