பெரும்பான்மையும் பைலாவும்

அன்புள்ள ஐயா,
அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அரசு இருக்கும்போது அதன் கையைக் கட்ட அரசியலமைப்பு எதற்கு? பிரிட்டனில் அப்படி ஒரே புத்தகமாக எதுவும் இல்லையே? நம்முடையதும் பல நாடுகளைப் பார்த்துக் காப்பியடித்ததுதானே?
கா., திருநெல்வேலி

அன்புள்ள கா.,

காப்பியடிப்பவன் மூன்று வருடமா உட்கார்ந்திருப்பான்? 1946 டிசம்பரில் கூடிய அரசியல் நிர்ணய சபை 1949 நவம்பரில்தான் முடித்தது. வரைவுக்கு வந்த திருத்தங்கள் 7,635. அவையில் எடுத்துப் பேசியவை மட்டும் 2,473. வாட்ஸப்பில் வந்ததை எனக்கு அனுப்புமுன் நூலகம் வரை ஒரு நடை போயிருக்கலாம். பிரிட்டன் இன்று வேண்டாம்.

முதல் கேள்விதான் பிடித்துக்கொண்டது. போன வாரம் அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது ஒரு பைலா புத்தகம், அதாவது சங்கத்தின் சட்டதிட்டப் புத்தகம், கிடைத்தது. அப்பா எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கர். ஒரு வருடம் மகாசபையில், தலைவருக்கு ஆகாத ஓர் உறுப்பினரை நீக்கத் தீர்மானம். “கை தூக்குங்க” என்றார்கள். கூடம் முழுக்கக் கை. அப்பா எழுந்து, “அவருக்கு நோட்டீஸ் தரவில்லை, பதில் கேட்கவில்லை, பைலாவில் இதற்கு இடமில்லை” என்றார். “இத்தனை பேர் சொல்றோம், உன் பைலா பெரிசா?” என்றது ஒரு குரல். நீங்கள் கேட்பதும் அதுவேதான், கொஞ்சம் படித்த தமிழில். அந்த மனிதர் செருப்பைக் கையில் பிடித்தபடி தூணருகே நின்றிருந்தார்.

பைலா இருந்தால் மட்டும் போதுமா? அதில் என்ன சொல் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். நம் அரசியலமைப்பையே எடுங்கள். ஒருவரின் உயிரையும் சுதந்திரத்தையும் எப்போது பறிக்கலாம் என்ற பிரிவில், ‘உரிய சட்ட நெறிமுறை’ என்றிருந்ததை வரைவுக் குழு ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நெறிமுறை’ என்று மாற்றியது. (இந்தச் சொற்றொடர் ஜப்பானிலிருந்து வந்தது. உங்களுக்கு அரை மதிப்பெண்.) சின்ன மாற்றம்தான். ஆனால் சட்டமன்றம் சட்டம் போட்டுவிட்டால் போதும், அது நியாயமா என்று கோர்ட் கேட்க முடியாது என்றாகிவிடும். வரைவுக் குழுவிலேயே இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் மாற்றத்தை ஆதரித்தார், அதே குழுவின் கே.எம். முன்ஷி எதிர்த்தார். 1948 டிசம்பர் 13 அன்று அம்பேத்கர் எழுந்து, கட்சிக்காரர்கள் நிறைந்த சட்டமன்றத்தையும் முழுதாக நம்ப முடியவில்லை, ஐந்தாறு நீதிபதிகளின் மனச்சாட்சியையும் நம்ப முடியவில்லை, சபையே முடிவெடுக்கட்டும் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரை மிகவும் பிடித்த இடம் இது. சபை புதிய சொல்லையே வைத்துக்கொண்டது.

1950இல், விசாரணை இல்லாமல் அடைத்துவைக்கும் தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை மாநில அரசை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். சட்டம் இருக்கிறது, நெறிமுறை இருக்கிறது, போதும் என்றார்கள் பெரும்பாலான நீதிபதிகள். அந்த நெறிமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொல்ல 1978இல் மேனகா காந்தி வழக்கு வர வேண்டியிருந்தது. 28 வருடம், தம்பி. கையைக் கட்டுவதாம்!

அம்பேத்கரின் அந்தப் பேச்சு நீளமில்லை. இன்று ராத்திரியே படித்துவிட்டு எழுதுங்கள்.

அந்த உறுப்பினரை நீக்கிவிட்டார்கள். அடுத்த மாதம் அப்பாவைக் கணக்கு மேசையிலிருந்து எழுப்பி, மண்ணெண்ணெய் அளந்து ஊற்றும் வேலையில் போட்டார்கள்.