கார் இன்சூரன்ஸ் கிளைம்ல ஒர்க்‌ஷாப் பில் பணம் முழுசா ஏன் வர்றதில்ல?

கல்லட்டி மலைப்பாதையில 36 கொண்டை ஊசி வளைவு, மேகம் வேற இறங்கிடுச்சுனா தடுப்புச் சுவர்ல பம்பர் உரசாம ஊட்டி வர்றதே பெரிய விஷயம். அப்படி அடிபட்ட வண்டிய ஒர்க்‌ஷாப்ல விட்டா, பில்லுல ஒரு பகுதிய நம்ம தலையில கட்டுவாங்க. அதுக்குப் பேரு டிப்ரிசியேஷன், அதாவது தேய்மானக் கழிவு.

இன்சூரன்ஸோட வேலை ஆக்சிடென்டுக்கு முந்தின நிமிஷம் வண்டி எப்படி இருந்துச்சோ அந்த நிலைக்கு கொண்டு வர்றது மட்டும்தான், பழச புதுசாக்குறது இல்ல. உங்க நாலு வருஷ ஸ்வெட்டர பக்கத்து வீட்டுக்காரர் கிழிச்சுட்டா புது ஸ்வெட்டர் காசு முழுசா கேப்பீங்களா, அந்த மாதிரிதான்.

பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கெல்லாம் 50% கழிப்பாங்க, வண்டி புதுசா இருந்தாலும் சரி (பம்பர் பிளாஸ்டிக்தானே, மலையில முதல்ல அடிவாங்குறதும் அதான்). கண்ணாடிக்கு கழிவே கிடையாது. இரும்பு பாகத்துக்கு வண்டி வயசப் பொறுத்து, முதல் 6 மாசம் ஒண்ணுமில்ல, 10 வருஷம் தாண்டினா 50%.

ஜீரோ டெப் (இந்தத் தேய்மானத்தக் கழிக்காம இருக்க கூடுதலா எடுக்குற கவர்) எடுத்துட்டா கைக்காசே போடவேண்டாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது தப்பு, 1500 சிசி வரைக்கும் உள்ள காருக்கு ஒவ்வொரு கிளைமுக்கும் 1000 ரூபா கட்டாயமா நாமதான் போடணும்.