காரைக்குடியிலிருந்து கன்னியாகுமரி வரை தனியாக மிதிவண்டியில் சென்று நிதி திரட்ட எப்படித் திட்டமிடுவது?

காரைக்குடியில் புறப்பட்டுத் தனியாக மிதிவண்டியில் கன்னியாகுமரி வரை சென்று ஒரு சேவை நிறுவனத்துக்குப் பணம் சேர்த்துக் கொடுக்க விரும்புவதாகவும், எதிலிருந்து தொடங்குவது என்று விளங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதே பயணத்தை 2023 ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரத்தில், எங்கள் பக்கத்துச் சிறப்புக் குழந்தைகள் பள்ளி ஒன்றுக்குச் சக்கர நாற்காலிகள் வாங்குவதற்காக நான் செய்தேன். வண்டியையும் வழியையும் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் கணக்கை எழுதுங்கள்.

வியாபாரத்தில் வரும் பணத்தில் ஒரு பங்கை மகமை என்று பேரேட்டில் தனியே எழுதி, அதைத் தர்மத்துக்கு மட்டுமே செலவிடும் வழக்கம் நம் பக்கத்தில் தலைமுறைகளாக இருப்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த ஒழுங்கு இந்தப் பயணத்துக்கு அப்படியே பொருந்தும். விடுதி வாடகை, சாப்பாடு, டயர், டியூப் அனைத்தும் உங்கள் சொந்தப் பணமாக இருக்கட்டும். நன்கொடையாளர் கொடுக்கும் பணம் உங்கள் வங்கிக் கணக்கைத் தொடவே கூடாது. நிறுவனத்தின் கணக்கு எண்ணையும் கியூஆர் குறியீட்டையும் அவர்களிடமே வாங்கி, அதை மட்டும் அனுப்புங்கள். நிறுவனத்துக்கு, நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி பதிவு நடப்பில் இருக்கிறதா என்று சான்றிதழைப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடைக்காது என்பதையும், பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கே அந்தச் சலுகை உண்டு என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது.

செட்டிநாட்டுக்காரருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நமக்கு உறவினர் இல்லாத தெரு இல்லை. செய்தி போனதுமே அங்கிருந்து பணம் அனுப்பத் தயாராவார்கள். அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவரின் நன்கொடை, 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டுப் பணமாகும். அச்சட்டத்தின்கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ பெற்ற நிறுவனங்கள் மட்டுமே, 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் இதற்கென உள்ள கணக்கின் வழியாக, அதைப் பெற முடியும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து அனுப்புவதற்கு இந்தத் தடை இல்லை. கோலாலம்பூரில் குடியுரிமை வாங்கிவிட்ட என் மாமா, "உன் கணக்குக்கு அனுப்புறேன், நீ மாத்திக் கொடுத்துடு மாப்பிள்ளை" என்றார். முடியாது என்று சொல்லி அவருக்கு இந்தச் சட்டத்தை விளக்க எனக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின.

காலத்தைத் தேர்வதில் பிடிவாதமாக இருங்கள். தை மாதத்தில் மழை ஓய்ந்திருக்கும். வெயில் ஏறத் தாமதமாகும். வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று தென்மேற்கு நோக்கிப் போகும் உங்களை முதுகில் கைவைத்துத் தள்ளும். இதே வழியை ஆடியில் போனால் மேல்காற்று எதிரே நிற்கும். அம்மியையே பறக்கவிடும் காற்றுக்கு மிதிவண்டி எம்மாத்திரம்! தையிலும் ஒரு கவலை உண்டு. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகும் பக்தர்கள் விடியலுக்கு முன்பே சாலையோரமாகக் கூட்டங்கூட்டமாக நடப்பார்கள். எல்லாருடைய பையிலும் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்காது. ஆகவே முன்விளக்கு உங்களுக்குப் பாதை காட்டும் அளவுக்குப் பிரகாசமானதாக இருக்க வேண்டும்.

நான் சென்ற வழி தேவகோட்டை, திருவாடானை வழியாக முதல் நாள் இராமநாதபுரம். இரண்டாம் நாள் கீழக்கரை, ஏர்வாடியைக் கடந்து சாயல்குடி. மூன்றாம் நாள் வேம்பார் வழியாகத் தூத்துக்குடி. நான்காம் நாள் திருச்செந்தூர். ஐந்தாம் நாள் உவரி, கூடங்குளம் வழியாகக் கன்னியாகுமரி. மொத்த வழி 346 கி.மீ. ஆனது. ஒரு நாளுக்கு 90 கி.மீ.க்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். விடியற்காலை ஐந்து மணிக்குள் ஏறி, முற்பகல் பத்தரைக்குள் அன்றைய தூரத்தின் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள். சாயல்குடிக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் பனையும் உடைமரமும் உப்பளமும்தான். பனை நிழல் ஒரு ஆளுக்கே போதாது. அங்கு மூன்று லிட்டர் தண்ணீரும் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் கட்டாயம். தின்பதற்கு வீட்டில் உருட்டிய மாவுருண்டையைக் கொண்டு போனேன். கடைகளில் விற்கும் எந்தச் சத்துக் கட்டியையும்விட அது எனக்கு ஒத்துக்கொண்டது.

பயிற்சிக்குப் பன்னிரண்டு வாரங்கள் ஒதுக்குங்கள். திருமயம் கோட்டை வரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய 45 கி.மீ. ஆகும், அதைப் பழகிய பிறகு, சனி, ஞாயிறு இரு நாளும் அடுத்தடுத்து 70 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். ஒரு நாள் ஓட்டுவது யாருக்கும் முடியும். மறுநாள் அதே இருக்கையில் உட்காரும்போதுதான் உடம்பு உண்மையைச் சொல்லும்.

வண்டி விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இராமநாதபுரச் சீமையில் சீமைக் கருவேல முள் சாலையோரமெங்கும் கிடக்கும் என்பதால் தடித்த டயரும், மாற்று டியூப்கள் நான்கும், பஞ்சர் ஒட்டும் சாமான்களும் கைப்பம்பும் வேண்டும். மெலிந்த பிரெஸ்டா வால்வு உள்ள டியூபாக இருந்தால், சாதாரணப் பஞ்சர் கடைப் பம்பு அதில் பொருந்தாது. விரல்நுனி அளவுள்ள பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நான் போடவில்லை. சாயல்குடியைத் தாண்டிய காலையில் இரண்டு முறை முள் குத்தியது. மூன்றாவது முறை பம்பும் உடைந்தது. கண்ணில் பட்ட ஒரே பஞ்சர் கடைக்காரர் வால்வைப் பார்த்துவிட்டு, "இதுக்கு நம்மகிட்ட வாய் இல்லண்ணே" என்று கையை விரித்தார். கரிமூட்டை ஏற்றிக்கொண்டு அவ்வழியே வந்த சின்ன யானை எனப்படும் சிறு சரக்கு லாரி ஒன்றில் மிதிவண்டியை ஏற்றி, 11 கி.மீ. தள்ளியிருந்த அடுத்த கடைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

தனியாகப் போகிறவர் வீட்டுக்கு நாளுக்கு இரண்டு முறை, குறித்த நேரத்தில் பேச வேண்டும். குறித்த நேரம் கடந்து இரண்டு மணி ஆகியும் அழைப்பு வராவிட்டால் யார் என்ன செய்வது என்பதை எழுதி வைத்துவிட்டுப் புறப்படுங்கள். இரத்த வகையையும் வீட்டு எண்ணையும் எழுதிய அட்டை சட்டைப் பையில் இருக்கட்டும். நிறுவனத்தின் கடிதத்தாளில் ஓர் அறிமுகக் கடிதம் இருந்தால் விடுதியிலும் காவல் சோதனையிலும் பேச்சு குறையும். திரும்பும்போது ஓட்ட வேண்டாம். ரயில் நிலையப் பார்சல் அலுவலகத்தில் வண்டியைப் பதிவு செய்துவிடலாம்.

கடைசியாக, லாரியில் போன அந்த 11 கி.மீ. பற்றி ஒரு வார்த்தை. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்களித்தவர்கள் சிலர் இருந்ததால், அன்று இரவே தூத்துக்குடியிலிருந்து அனைவருக்கும் நடந்ததை எழுதி, 346இல் 335 கி.மீ. மட்டுமே என் காலால் ஓட்டியது என்று பயணம் முடிந்ததும் கணக்கு அனுப்பினேன். பலர் அதைப் பொருட்படுத்தாமல் முழுத் தொகையையும் கொடுத்தார்கள். கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்த என் அப்பத்தா மட்டும், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணக்கை இரண்டு முறை படித்துவிட்டு, "கரி லாரிக்கு நான் எதுக்குடா காசு குடுக்கணும்?" என்று கேட்டு, 110 ரூபாயைக் கழித்துக்கொண்டு 3,350 ரூபாய்க்குக் காசோலை எழுதினார்.