வேலைக்குப் போனால் விடாமுயற்சி இல்லாதவன் ஆகிவிடுவேனா?

கேள்வி: எனக்கு வயது 27. குரூப் 4 தேர்வுக்காகச் செல்போன் கடை வேலையை விட்டுவிட்டுப் படிக்கிறேன். கடைசியாக எழுதியதில் கட்-ஆஃபுக்கு 6 மதிப்பெண் குறைந்துவிட்டது. அப்பா கொத்தனார், அவர் உழைப்பில்தான் வீடு ஓடுகிறது. பழைய முதலாளி, "மத்தியானம்வரை வந்தால் போதும்" என்று மறுபடி கூப்பிடுகிறார். போனால் தோற்று ஓடியவன் ஆகிவிடுவேனோ என்று பயம். வ.உ.சி.யையும் முத்துலட்சுமி ரெட்டியையும் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என்னை நினைத்து வெட்கமாக இருக்கிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, முதலில் அந்தத் தேர்வுக் கைடைக் கொஞ்சம் மூடி வையுங்கள். 'சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஆண்டு? 1906', 'செக்கிழுத்த செம்மல் யார்?' என்று ஒரு வாழ்க்கையை ஒற்றை வரி விடைகளாகப் படித்தால், அந்த மனிதர் ஒருநாள்கூடத் தடுமாறாதவர் போலத்தான் தெரியும். கைடு நிறுத்திக்கொள்ளும் இடத்துக்கு அப்புறம் நடந்ததைப் பாருங்கள்.

1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானபோது கம்பெனி இல்லை. அவர் உள்ளே இருந்தபோதே அதை மூடிவிட்டார்கள். வக்கீல் சன்னதும் (கோர்ட்டில் வாதாடும் உரிமமும்) பறிபோயிருந்தது. சென்னைக்குக் குடிவந்து சிறு வியாபாரம் செய்து பார்த்தார், கைகொடுக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் இருந்த நம்மவர்கள் அவருக்கென்று திரட்டிய பணம் காந்தியிடம் இருந்தது. அது கைக்கு வந்து சேர்வதற்குள் 1915, 16இல் இருவருக்கும் இடையே எத்தனையோ கடிதப் போக்குவரத்து. வெள்ளைக்காரன் கம்பெனிக்கு எதிராகக் கப்பல் விட்டவர், சில நூறு ரூபாய்க்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்! செக்கிழுத்ததைவிட இதுதான் எனக்குப் பெரிய துணிச்சலாகப் படுகிறது. செக்கிழுத்ததை நாடே பேசியது. பணக் கஷ்டம் என்று ஒளிக்காமல் எழுதுபவனுக்கு யார் கைதட்டுகிறார்கள்?

மறுபடி கப்பல் வாங்கியே தீருவேன் என்றும் அவர் அலையவில்லை. தொழிலாளர் சங்க வேலை பார்த்தார், தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்ததும் கோவில்பட்டிக்குப் போய் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். (நன்றி மறக்காமல் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தது தனிக்கதை.) இதையெல்லாம் யாராவது 'பின்வாங்கினார்' என்று சொல்வார்களா?

முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தது 1923இல். அந்தத் துக்கத்தில் அவர் கனவு கண்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது 1954இல். இடையில் முப்பது ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அம்மையார் வேறு வேலையே பார்க்காமல் மருத்துவமனைக்காக மட்டும் காத்திருந்தாரா? சட்டசபைக்குப் போனார், தேவதாசி முறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார், பதவியை ராஜினாமா செய்தார், அவ்வை இல்லம் தொடங்கினார். அந்தச் சட்டமே 1947இல்தான் நிறைவேறியது. ஒன்று தள்ளிப்போனபோது இன்னொன்றில் கை வைத்தார்.

நீங்கள் விடாமுயற்சி என்று நினைப்பது, வேறு எதையும் தொடாமல் அறைக்குள் உட்கார்ந்திருப்பதை. அதை நான் அப்படிச் சொல்லமாட்டேன். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் வீட்டு அடுப்பு எரியத் தலைவர்கள் ஊராரிடம் உதவி திரட்டினார்கள். வயிறு காய்ந்தால் எவ்வளவு பெரிய உறுதியும் ஆட்டம் காணும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் வீட்டில் அந்தச் சுமை முழுக்க அப்பா தோளில் இருக்கிறது.

அதனால் வேலைக்குப் போங்கள். மத்தியானம்வரைதான் என்பதை மட்டும் முதலாளியிடம் முதலிலேயே கறாராகப் பேசிவிடுங்கள். பண்டிகைக் கூட்டம் வந்தால் "இன்னிக்கு ஒரு நாள் மட்டும்" என்பார். அங்கேதான் உங்கள் துணிச்சல் தேவைப்படும்.

படிப்பைப் பொறுத்தவரை, 6 மதிப்பெண் என்றால் கேள்விக்கு ஒன்றரை வீதம் நான்கே கேள்வி. தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கும் திறனறிவும் 25 கேள்விகள் என்ற மூன்றில் அந்த நான்கு எங்கே போனது என்று விடைக்குறிப்பை வைத்துப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பெரும்பாலும் அந்த 25இல்தான் இருக்கும். பயந்துபோய்க் கடைசியில் வைத்துக்கொண்டு, நேரமில்லாமல் குத்துமதிப்பாக நிழலிட்டுவிட்டு வருகிறார்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம், பழைய வினாத்தாள், தனிவட்டி கூட்டுவட்டியில் தொடங்குங்கள். இன்னும் எத்தனை தடவை எழுதுவது என்பதையும் இப்போதே அப்பாவிடம் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடுங்கள்.