நர்சிங் டாக்டரேட்: 87,000 டாலர் படிப்பா, 42,000 டாலர் படிப்பா?

கேள்வி: ஹூஸ்டனில் லாபநோக்கற்ற மருத்துவமனை ஒன்றில் பி.எஸ்சி. முடித்த நர்ஸாக இருக்கிறேன். வயது 38, கிரீன் கார்டு இருக்கிறது. பெரியவர்கள், முதியோர் பிரிவில் நர்ஸ் பிராக்டிஷனர் (நோயைக் கண்டறிந்து மருந்து எழுதித் தரும் நர்ஸ்) ஆக டி.என்.பி. என்ற நர்சிங் டாக்டரேட் படிக்க ஆசை. வெளி மாநிலத் தனியார் பல்கலைக்கழகத்தில் ஆன்லைனில் 3 வருஷம், மொத்தம் 87,000 டாலர். இங்குள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் பகுதி நேரமாக 4 வருஷம், 42,000 டாலர். மருத்துவமனை வருஷத்துக்கு 5,250 டாலர் தரும். சீக்கிரம் முடியும் என்பதால் தனியாரில் சேரலாமா? பற்றாக்குறைக்கு 403(பி) ஓய்வுக்காலச் சேமிப்பை எடுக்கலாமா?

பதில்: சேமிப்பில் கை வைக்காதீர்கள். 59½ வயதுக்கு முன் எடுத்தால் வருமான வரியோடு 10 சதவீத அபராதமும் உண்டு. படிப்புச் செலவுக்கு அந்த அபராதத்தில் கிடைக்கும் விலக்கு ஐ.ஆர்.ஏ. என்ற தனிநபர் ஓய்வுக்காலக் கணக்குக்குத்தான், 403(பி)க்கு இல்லை.

இப்போது கணக்கைப் பார்ப்போம். அரசுப் பல்கலைக்கழகத்தில் வருஷத்துக்கு 10,500 டாலர், அதில் பாதியை மருத்துவமனையே கட்டிவிடுகிறது, அந்த 5,250க்கு உங்களுக்கு வரியும் கிடையாது. மிச்சம் மாதம் 440 டாலர் சுமாருக்கு வரும், சம்பளத்திலேயே சமாளித்துவிடலாம், கடனே வேண்டாம். தனியாரில் மருத்துவமனைப் பணம் போக 71,250 டாலர் கடன். 8 சதவீத வட்டியில் 10 வருஷத்தில் அடைக்க மாதம் 860 டாலருக்கு மேல் ஆகும், படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி.

அந்தக் கடனும் முழுசாக அரசிடம் கிடைக்காது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு படிப்புச் செலவு முழுவதுக்கும் அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் இல்லை, மேற்படிப்புக்கு வருஷ உச்சவரம்பு 20,500 டாலர். மருத்துவம், சட்டம் போன்ற தொழில்முறைப் படிப்புகளுக்கு 50,000 வரை உண்டுதான், ஆனால் கல்வித் துறை 2025 நவம்பரில் முன்வைத்த வரையறையில் நர்சிங் இல்லை, அதனால் 20,500 என்றே திட்டமிடுங்கள். தாண்டுவதைத் தனியார் வங்கியில்தான் வாங்க வேண்டும், லாபநோக்கற்ற மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே 10 வருஷம் தவணை கட்டினால் அரசுக் கடனுக்குக் கிடைக்கும் தள்ளுபடி வங்கிக் கடனுக்குக் கிடையாது.

கட்டணப் பட்டியலில் வராத செலவு கிளினிக்கல், அதாவது நோயாளிகளிடம் செய்யும் நேரடிப் பயிற்சி. பி.எஸ்சி.யிலிருந்து டி.என்.பி. வரை பொதுவாக 1,000 மணி நேரம், சம்பளம் இல்லாமல். உங்கள் சம்பளம் மணிக்கு 45 டாலர் என்று வைத்து, அதில் பாதி நேரத்துக்கு டியூட்டியை விட்டாலே 22,500 டாலர் போய்விடும். 4 வருஷம் என்றால் லீவு நாட்களில் பரப்பிச் செய்யலாம், 3 வருஷத்தில் அது கஷ்டம். இன்னொன்று, பல ஆன்லைன் படிப்புகளில் பிரிசெப்டரை, அதாவது அந்தப் பயிற்சியை மேற்பார்வையிடுபவரை, மாணவரே தேடிக்கொள்ள வேண்டும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு நர்ஸுக்கு, ஒப்புக்கொண்ட கிளினிக் கடைசி வாரத்தில் கைவிரித்துவிட்டது. அந்த செமஸ்டரே தள்ளிப்போனது, பிரிசெப்டர் தேட ஏஜென்சிக்குக் கொடுத்த பணமும் திரும்பவில்லை, பாவம், அவர் எவ்வளவு அலைந்தார் என்று எனக்குத் தெரியும். சீக்கிரம் முடிக்கத்தான் அவரும் அங்கே சேர்ந்தார்.

ஆகவே என் யோசனை அரசுப் பல்கலைக்கழகம்தான். அதற்கு முன் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: நர்ஸ் பிராக்டிஷனர் லைசென்ஸுக்கு மாஸ்டர்ஸே போதும், டாக்டரேட் கட்டாயமில்லை. வேலைதான் நோக்கம் என்றால் மாஸ்டர்ஸ் முடித்து அந்தச் சம்பளத்தில் டி.என்.பி.யைத் தொடரலாம். கற்பிக்கும் ஆசை இருந்தால் பல்கலைக்கழகத்தில் 'நர்ஸ் ஃபேகல்டி லோன் புரோகிராம்' இருக்கிறதா என்று கேளுங்கள், படித்தபின் 4 வருஷம் முழுநேர ஆசிரியராக இருந்தால் அந்தக் கடனில் 85 சதவீதம் வரை தள்ளுபடி.

சேரும் முன், நர்சிங் படிப்புகளை மதிப்பிடும் அமைப்புகளான சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். அங்கீகாரம் உண்டா, பிரிசெப்டரை யார் ஏற்பாடு செய்வார்கள், சான்றிதழ் தேர்வில் முதல் முறையே எத்தனை பேர் தேறுகிறார்கள் என்று கேட்டு, பதிலை ஈமெயிலில் வாங்கிவிடுங்கள். அப்புறம், மருத்துவமனை தரும் 5,250க்கு 'இத்தனை வருஷம் இங்கேயே வேலை பார்க்க வேண்டும்' என்ற நிபந்தனை இருக்கலாம். ஹெச்.ஆரில் அந்த ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.