சக்கர நாற்காலியோடு கோட்டையிலிருந்து மருதானை வரை: ரயில் வரலாற்று நடைக்கு எந்த வழி?

கேள்வி: பத்துப் பேர் கொண்ட குழு. ஒருவர் சக்கர நாற்காலியில் வருகிறார், ஒருவருக்குப் பார்வை இல்லை. கொழும்பின் ரயில், தொழிற்சாலை வரலாற்றைக் காட்ட ஒரு காலை நேர நடையை எப்படி ஒழுங்கு செய்வது?

பதில்:

முதலில் ஒன்று. தேசிய ரயில் அருங்காட்சியகம் இப்போது கொழும்பில் இல்லை, 2014 டிசம்பரில் கடுகண்ணாவைக்குப் போய்விட்டது. பழைய தகவலை நம்பி ஒல்கொட் மாவத்தையில் அதைத் தேடி அலைபவர்கள் இன்னும் உண்டு. அது இருந்த கட்டடத்தை, அதாவது பழைய கொழும்பு முனைய நிலையத்தை, வெளியே நின்று காட்டலாம். நிலம் புகையிரதத் திணைக்களத்துடையது என்பதால் உள்ளே போவதானால் எழுத்தில் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள்.

வழி இப்படி அமையட்டும்: கோட்டை நிலைய முகப்பு, கான் மணிக்கூட்டுக் கோபுரம், பிரதான வீதி, பழைய நகர மண்டபம், கேஸ் வேர்க்ஸ் வீதி, ஒல்கொட் மாவத்தை, மருதானை. ஏறக்குறைய இரண்டரை கிலோமீற்றர். நின்று நின்று போக இரண்டரை மணி நேரம் வேண்டும்.

நாள் ஞாயிறு, தொடக்கம் காலை 7 மணி. வேலை நாளில் பிரதான வீதி நாட்டாமிகளின் (சுமை தூக்குவோரின்) கைவண்டிகளுக்கும் லொறிகளுக்கும் உரியது, நாற்காலிக்கு அங்கே இடமே கிடைக்காது. ஞாயிறு காலையில் பல கடைகள் மூடியிருக்கும், ஆகவே நடைபாதையை விட்டுவிட்டு வீதி ஓரமாகவே உருட்டிச் செல்லலாம். புறக்கோட்டை நடைபாதையில் வடிகான் மூடிகள் உடைந்தும் விலகியும் கிடக்கும், நாற்காலியின் முன் சில்லு அந்த இடுக்கில்தான் சிக்கும். இடுக்கைக் குறுக்காகக் கடவுங்கள். ஆழமான இடமென்றால் நாற்காலியைத் திருப்பி, பெரிய சில்லு முதலில் போகும்படி பின்னோக்கி இழுங்கள்.

சாய்தளக் கணக்கு 1:12, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். 15 செ.மீ. உயர விளிம்புக்கு 1.8 மீற்றர் நீளப் பலகை வேண்டும். மடக்கிக் கொண்டுபோகக்கூடிய 1.2 மீற்றர் பலகையில் சரிவு 1:8 ஆகிவிடும். பின்னால் பலமான ஒருவர் பிடித்தால் சமாளிக்கலாம், தனியாக ஏற விடாதீர்கள். முந்தைய வாரமே வெறும் நாற்காலியை உருட்டிக்கொண்டு முழு வழியும் போய்ப் பாருங்கள். நடந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஒரு தரிப்பு ரயிலில் மருதானைக்குப் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். மேடைகளுக்கு இடையே படிப்பாலம், அதன்பின் பெட்டி வாசலின் உயரம் வேறு.

எங்கே என்ன சொல்வது? கோட்டை நிலையம் திறந்தது 1917இல், ஆனால் கதை 1864 டிசம்பர் 27இல் அம்பேபுஸ்ஸ வரை ஓடிய முதல் ரயிலோடு தொடங்குகிறது. பாதை 1867இல் கண்டியை எட்டியது. தேயிலைக்காகப் போட்ட பாதை என்று பலர் சொல்வது தவறு. மாட்டு வண்டியில் இறங்கிய கோப்பிக்காகத்தான் போட்டார்கள். 1869இல் இலைநோய் தலைகாட்டி, கோப்பி அழிந்த பிறகு அதே தண்டவாளத்தில் தேயிலை இறங்கியது. அதைப் பறித்த மலையகத் தமிழரைச் சொல்லாமல் இந்த இடத்தைத் தாண்டாதீர்கள்.

கான் கோபுரம் 1923இல் எழுந்தது. அதைக் கட்டிய பார்சிக் குடும்பத்தாரே கொழும்பு எண்ணெய் ஆலைகளின் உரிமையாளர்கள். கேஸ் வேர்க்ஸ் வீதியின் பெயர், நிலக்கரியிலிருந்து விளக்குக்கு வாயு எடுத்த ஆலையால் வந்தது. இவ்விரண்டுக்கும் ஐந்து நிமிடம் போதும்.

நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் 1873இல் கட்டிய பழைய நகர மண்டபம். பக்கத்து இரும்புக் கொட்டகையில் நீராவி ரோட் ரோலர் போன்ற பழைய மாநகர யந்திரங்கள் நிற்கின்றன. காவலாளியிடம் கேட்டு, பார்வையற்றவர் தொட்டுப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ரோலரின் சில்லைக் கையால் சுற்றித் தடவினால் விளங்குவது, அரை மணி நேரம் பேசினாலும் விளங்காது. மேல்மாடிக்கு மரப்படிதான். குழுவை இரண்டாகப் பிரிக்காமல் எல்லோரும் கீழேயே நிற்பது நல்லது. ஞாயிறன்று திறந்திருக்குமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

மருதானைக்கு இரண்டு கயிறு கொண்டுபோங்கள்: ஒன்று 1,676 மி.மீ., மற்றது 762 மி.மீ. முதலாவது அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அளவு. இரண்டாவது, மருதானையிலிருந்து அவிசாவளைப் பக்கம் போன களனிவெளிப் பாதை 1990களில் அகலமாக்கப்படும் முன் இருந்த அளவு. இரண்டையும் விரித்துப் பிடித்தால் பார்வையற்றவருக்கும் வித்தியாசம் கைக்குள் வந்துவிடும். நாற்காலியின் அகலம் பெரும்பாலும் 65 செ.மீ. அளவில் இருப்பதால் சிறிய கயிற்றுக்குள் அது மட்டுமட்டாக அடங்கும். பிள்ளைகள் வந்தால் இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பார்கள்.

பஸ் இரைச்சலில் குரல் எடுபடாது, இடுப்பில் கட்டும் சிறிய ஒலிபெருக்கி அவசியம். ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர். நாற்காலி நுழையும் கழிப்பறையை வழியில் நம்ப வேண்டாம், தொடங்கும் முன் ஒரு ஹோட்டலில் பேசி வையுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடிமழை வரும், 9.30க்குள் முடித்துவிட்டால் வெயிலும் மழையும் தப்பும்.

திரும்பும் வாகனத்தை மருதானையின் டெக்னிக்கல் சந்திப் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். மடக்கும் நாற்காலியென்றால் ஓட்டோவின் பின் இருக்கைக்குப் பின்னால் வைத்துக் கட்டலாம். மின் நாற்காலியென்றால் ஓட்டோ சரிவராது, வான் ஒன்றை முதல் நாளே பேசி, சாய்பலகையையும் அதிலேயே ஏற்றிவிடுங்கள்.